சைலன்சரை மாற்றும் உரிமையும் தெருவின் உறக்கமும்

இந்தியச் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சைலன்சர் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆவது விதி. எஞ்சினிலிருந்து கழிவு வாயு வெளியேறும்போது எழும் சத்தத்தை இயன்ற அளவுக்குக் குறைப்பதே அக்கருவியின் வேலை என்றும் அந்த விதியே விளக்குகிறது. ஆனால், உதிரிபாகக் கடைகளில் சைலன்சர் கேட்டு வரும் இளைஞர்களில் பலருக்கு வேண்டியிருப்பது சத்தத்தைக் கூட்டும் சைலன்சர். ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், இந்தோரி, பஞ்சாப், மெகாஃபோன் என்று புல்லட்டுக்கு மட்டுமே கடைக்காரர் அடுக்கும் பெயர்கள் பல. விலை கேட்பதற்கு முன்பே, வண்டியில் மாட்டி முறுக்கினால் எப்படி இருக்கும் என்பதைக் கைபேசியில் ஒரு காணொளியாகப் போட்டுக் காட்டிவிடுவார்.

இதைப் பற்றிப் பேச்செழும்போது ஒரு தரப்பு 'என் வண்டி, என் காசு, என் விருப்பம்' என்கிறது. மறுதரப்பு, கைக்குழந்தையும் நோயாளியும் இருக்கும் தெருவில் இப்படியா என்று கேட்கிறது. தனிமனித சுதந்திரத்துக்கும் அண்டை வீட்டாரின் அமைதிக்கும் இடையிலான மோதலாக இது சித்திரிக்கப்படுகிறது. அந்தச் சித்திரிப்பு முழுத் தவறில்லை என்றாலும், அதிலேயே நின்றுவிட்டால் சிக்கலின் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகும். வண்டி வாங்கும் உரிமையையும், எந்நேரமும் எங்கும் ஓட்டிச் செல்லும் உரிமையையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. சர்ச்சையில் இருப்பது, எஞ்சினுக்குப் பின்னால் தொங்கும் ஒரு குழாயும் அதனுள் இருக்கும் அல்லது இல்லாமல்போன ஒரு தடுப்பும் மட்டுமே. அந்தத் தடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் நம்மிடம் போதுமான அளவு இருக்கிறது. சத்தத்தை எப்படி அளப்பது, யாரைப் பொறுப்பாக்குவது என்ற இரண்டு இடங்களில்தான் அது வழுக்குகிறது என்பது என் கணிப்பு.

சத்தம் பிறக்கும் இடம்

எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்து முடிந்ததும் கழிவு வாயுவுக்கான வால்வு திறக்கிறது. அந்தக் கணத்திலும் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தம் மிஞ்சியிருப்பதால், வாயு ஓர் அதிர்வலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு எரிப்புக்கும் ஓர் அதிர்வு வீதம் இது நிகழ்கிறது. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் துளையிட்ட குழாய்களும் இந்த அலையை முன்னும் பின்னும் மோதவிட்டு ஒன்றையொன்று அடக்கச் செய்கின்றன. சிலவற்றில் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு சுற்றப்பட்டிருக்கும். அது ஒலியை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடுகிறது. மெக்கானிக்குகள் பஃபிள் என்றும் டிபி கில்லர் என்றும் சொல்வது இந்த உள்தடுப்பைத்தான். கடையில் வாங்கும் பல சைலன்சர்களில் அது வால்முனையில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும். போல்ட்டைக் கழற்றி இடுக்கியால் இழுத்தால் கையோடு வந்துவிடும். வழியில் சோதனை இருக்கிறது என்று நண்பர் கைபேசியில் சொன்னால், சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி செருகிக்கொள்ளவும் சில நிமிடங்களே ஆகும்.

புல்லட்டின் சத்தத்துக்கு இந்தியாவில் தனி மரியாதை இருப்பதற்கு இயந்திரவியல் காரணம் உண்டு. சென்னையில் 1955இல் தொடங்கப்பட்டுத் திருவொற்றியூர் ஆலையில் வண்டி செய்த என்ஃபீல்டு இந்தியாவின் 346 சிசி எஞ்சின், 70 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டமும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிப்பு நிகழும். நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற அளவில் நின்றபடி ஓடும்போது விநாடிக்கு எட்டு அதிர்வுகள். காது ஒவ்வொன்றையும் ஏறத்தாழ எண்ணிவிடலாம். இந்தத் தாளத்தைத்தான் ரசிகர்கள் உயிரோட்டம் என்கிறார்கள். யமஹா ஆர்எக்ஸ் 100 இதற்கு எதிர்த் துருவம். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான அந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எரிப்பு நிகழ்வதால், முறுக்க முறுக்கச் சத்தம் கீச்சென்று மேலேறும். உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அதைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள் என்றால், அந்தக் குரலுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

சத்தமே வண்டியின் அடையாளமாகிவிடும் என்பதை நிறுவனங்களும் அறியும். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் நிறுவனம் இரண்டு சிலிண்டர்கள் வி வடிவில் அமைந்த தன் வி-ட்வின் எஞ்சினின் ஒலியையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கோரி 1994இல் விண்ணப்பித்தது. போட்டி நிறுவனங்களின் ஆட்சேபங்களுக்கு நடுவே ஆறாண்டுகள் இழுபட்டபின் 2000இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே, சத்தத்தை விரும்புபவர்கள் எல்லாரும் பிறரைத் தொல்லைப்படுத்தவே பிறந்தவர்கள் என்று எழுதித் தள்ளுவது நியாயமாகாது. அந்த விருப்பம் உண்மையானது. அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதே கேள்வி.

பஃபிளை எடுத்துவிட்டால் வண்டியின் இழுவை கூடும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பந்தய எஞ்சின்களுக்கு அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். எரிபொருள் அளவையும் சேர்த்து மாற்றி அமைக்காவிட்டால், தெருவில் ஓடும் வண்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் மட்டுமே. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரத்தின்படி வரும் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றி கழிவுக் குழாயோடு சேர்ந்தே வருகிறது. முழுக் குழாயையும் கழற்றி மாற்றுபவர், தெரிந்தோ தெரியாமலோ அதையும் கழற்றிவிடுகிறார். அதாவது, தெருவாசிகளின் காதுக்குப் போவதோடு நுரையீரலுக்கும் கொஞ்சம் போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் வண்டியின் சாவியை நொடிப்பொழுது அணைத்துப் போட்டு வெடிச்சத்தம் எழுப்பும் பழக்கம் ஒன்று உண்டு. எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் சென்று தீப்பிடித்து வெடிப்பதே அது. பஞ்சாபில் இதற்குப் பட்டாசு என்றே பெயர். இயந்திரத்தின் மீதான காதலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பக்கத்தில் போகிறவர் திடுக்கிட வேண்டும் என்பதைத் தவிர இதற்கு வேறு நோக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

உற்பத்தியாளருக்கான ஒலி வரம்பு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் இருக்கிறது. 80 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு 75 டெசிபல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. வண்டி குறித்த வேகத்தில் வந்து திராட்டிலை முழுக்கத் திருகும்போது, அதன் பாதையிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் பதிவாகும் அளவு இது. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்புச் சத்தமாகக் கேட்கிறது. ஆகவே பஃபிளை எடுத்ததால் ஒரு வண்டி 10 டெசிபல் கூடுதலாக அலறுகிறது என்றால், அதே போன்ற பத்து வண்டிகள் ஒரே நேரத்தில் அந்தத் தெருவில் போவதற்கு அது சமம்.

இனி நம் தெருக்களுக்கு வருவோம். திருவல்லிக்கேணியிலோ மதுரையின் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளிலோ படுக்கையறைச் சன்னலுக்கும் வண்டி போகும் தடத்துக்கும் இடையே 7.5 மீட்டர் எங்கே இருக்கிறது? 3 மீட்டர் இருந்தாலே பெரிது. திறந்த வெளியில் தூரம் பாதியாகும்போது சத்தம் 6 டெசிபல் ஏறும் என்ற கணக்கை வைத்துக்கொண்டால், சோதனைத் தடத்தில் 80 டெசிபல் பதிந்து தேறிய வண்டி, 3 மீட்டரில் உள்ள சன்னலில் 88 டெசிபலைத் தொடும். இருபுறமும் ஒட்டி நிற்கும் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். புதிய அடுக்ககங்களில் தரைத்தளத்தை வண்டி நிறுத்தத்துக்காகத் தூண்கள் மட்டுமாக விட்டிருப்பார்கள். அங்கே வண்டியைக் கிளப்பிச் சூடேற்றும்போது கூரையிலும் தூண்களிலும் மோதி எழும் முழக்கம் மாடிப்படி வழியாக மேல்தளங்களுக்கும் ஏறும். நேர்மையாகச் சொன்னால், முழு வேகம் பிடிக்கும் வண்டி விதிக்கு உட்பட்டதாக இருந்தாலும் இந்தியத் தெருவுக்கு அது சத்தமானதுதான். அந்த நிலையில் இன்னொரு 10 டெசிபலைக் கூட்டுவது எதைச் செய்யும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

குடியிருப்புப் பகுதிகளுக்கு, 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் பகலில் 55 டெசிபலையும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலையும் வரம்பாக வைத்திருக்கின்றன. மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 50, 40. படிக்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இவை கால அளவில் பரவிய சராசரிகள். சைலன்சர் மாற்றிய வண்டி தரும் தொல்லையோ மூன்று நான்கு விநாடிகளில் வந்து போகும் உச்சம். இரவுச் சராசரி ஏற்கெனவே 60 டெசிபலாக இருக்கும் ஒரு முதன்மைச் சாலையை எடுத்துக்கொள்வோம். அங்கே 2 மணிக்கு ஒரு வண்டி 90 டெசிபலில் மூன்று விநாடி அலறிக்கொண்டு போனால், எட்டு மணி நேரச் சராசரி அரை டெசிபலுக்கும் குறைவாகவே ஏறும். கண்காணிப்பு நிலையத்தின் அறிக்கையில் அந்த வண்டி வந்ததற்குத் தடயமே இருக்காது. அந்தச் சாலையோரம் விழித்துக்கொண்டவர்கள் மட்டும் அதை அறிவார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உட்பட ஏழு பெருநகரங்களில் ஒலியைத் தொடர்ந்து அளக்கும் 70 நிலையங்களை வைத்திருக்கிறது. அவற்றின் பயன் நகரத்தின் பொதுநிலையை அறிவதில் இருக்கிறதே தவிர, இந்தக் குற்றத்தைப் பிடிப்பதில் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறது. படுக்கையறைக்குள் சராசரியாக 30 டெசிபல் என்று சொல்வதோடு நில்லாமல், தனித்தனியாக எழும் சத்தங்களுக்கு 45 டெசிபல் என்று வேறொரு வரம்பையும் அது வைத்தது. தூக்கத்தைக் கலைப்பது சராசரியல்ல, திடீர் ஏற்றம் என்பதை அந்த இரண்டாவது வரம்பு ஒப்புக்கொள்கிறது. நம் விதிகளில் அப்படியொரு வரம்பு வரவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. டெசிபல் மீட்டர்கள் மனிதக் காதின் உணர்திறனைப் பின்பற்றும் 'ஏ' அளவுகோலில் பதிகின்றன. அது தாழ்ந்த அதிர்வெண்களை வெகுவாகக் கழித்துவிடும். 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலைத் தள்ளுபடி செய்கிறது. பெரிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் குமுறலில் கணிசமான பகுதி இந்தத் தாழ்ந்த எல்லையில்தான் இருக்கிறது. சன்னலை மூடினாலும் சுவரையும் கண்ணாடியையும் எளிதில் ஊடுருவுவதும் அதுதான். மேசையில் இருக்கும் தம்ளர் அதிர்வதைக் காட்டி முறையிடுபவரிடம், மீட்டர் அப்படியொன்றும் அதிகம் காட்டவில்லையே என்று அதிகாரி சொன்னால், இருவரும் உண்மையையே சொல்லியிருப்பார்கள்.

நீதிமன்றமும் சாலையோரச் சோதனையும்

சத்தம் எழுப்பும் உரிமை பற்றிய இந்தியச் சட்டத்தின் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து கிளம்பிய வழக்கில் வந்தது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு தேவாலயத்துக்கும் இடையே ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில், பிறரின் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005 ஜூலையில் ஒலி மாசு குறித்து வழங்கிய விரிவான தீர்ப்பில் அந்த நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பேச்சுரிமை இருக்கிறது என்பதற்காக, கேட்க விரும்பாதவர் காதில் வலிந்து திணிக்க எவருக்கும் உரிமையில்லை. தன் வீட்டுக்குள் அமைதியாக இருக்க விரும்புவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது விளக்கியது. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை, தவிர்க்க முடியாத சூழலைத் தவிர ஹாரன் அடிக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு உத்தரவிட்டது. மதப் பரப்புரைக்கும் கருத்துச் சுதந்திரத்துக்குமே இந்த எல்லை என்றால், எந்தக் கருத்தையும் சொல்லாத ஒரு குழாயின் முழக்கத்துக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பைக் கோருவது கடினம்.

மாற்றியமைத்த சைலன்சர்களை நேரடியாக எடுத்துக்கொண்டது அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு. 2021இல் தானாக முன்வந்து வழக்கைப் பதிவு செய்த அது, சைலன்சர் மாற்றப்பட்ட வண்டிகள் மீது நடவடிக்கை எடுக்க அதிகாரிகளுக்கு உத்தரவிட்டது. அதன் பிறகும் முன்பும் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் காவல்துறையினர், பறித்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சிகளை நாம் செய்திகளில் பார்த்திருக்கிறோம். பார்க்க நிறைவாக இருக்கும். அடுத்த வாரம் அதே கடையில் அதே சைலன்சர் தொங்கும்.

தண்டனைச் சட்டத்திலும் குறை சொல்ல அதிகமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி வரம்பை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் முதல் குற்றத்துக்கே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமத்தையும் மூன்று மாதத்துக்கு இழக்க நேரிடும். ஆனால் இப்பிரிவு வரம்பு மீறல் பற்றிப் பேசுவதால், கறாரான வழக்கறிஞர் அளவீடு எங்கே என்று கேட்பார். சாலையோரத்தில் நிற்கும் காவலரிடம் பெரும்பாலும் இருப்பது அவருடைய காது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு வேறு வழியைத் திறந்தது. விதிகள் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்க அது இடம் தருகிறது. இதற்கு மீட்டர் அவ்வளவாகத் தேவைப்படாது. தடுப்பில்லாத குழாயைக் கண்ணால் பார்த்தாலே வழக்குக்கு அடிப்படை கிடைக்கும். ஆர்.சி. புத்தகத்தில் சைலன்சர் பற்றி ஒரு வரியும் இல்லையே, பின் எதை மாற்றினேன் என்று வண்டிக்காரர்கள் வாதிடுவதுண்டு. அந்த வாதத்துக்கு இடம் குறைவு. உற்பத்தியாளரின் அசல் விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 120ஆவது விதியும் தனியே நிற்கிறது.

பாதிக்கப்பட்டவரின் பக்கம் போய்ப் பார்த்தால்தான் விசித்திரம் புரியும். ஒலி மாசு விதிகளின் 7ஆவது விதிப்படி, சத்தம் அப்பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ இருந்தால் புகார் தரலாம். நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் தாய், போய்விட்ட வண்டியின் சத்தம் 9 டெசிபலா 11 டெசிபலா என்று எப்படி அறிவார்? நடைமுறையில் புகார்கள் எழுத்தில் வருவதே அரிது. வீட்டு வாசலில் நிற்கும் பெரியவர், "தம்பி, ராத்திரியில தெருமுனை வரைக்கும் தள்ளிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணுப்பா" என்பதோடு பெரும்பாலான தெருக்களில் விவகாரம் முடிகிறது. தம்பி கேட்டுக்கொள்ளும் தெருக்களும் நிறைய உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரச்சினை, பெரியவருக்கு யாரென்றே தெரியாமல் கடந்து போகும் வண்டியில் இருக்கிறது.

வண்டிக்காரர் வாதங்கள்

சத்தம் உயிர்காக்கும் என்பது இவர்களின் முதல் வாதம். பேருந்தும் லாரியும் இருசக்கர வண்டியைக் கண்டுகொள்வதே இல்லை, காதாலாவது அறியட்டும் என்பது அதன் சாரம். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் வாதம் இது. ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் வெளியான அறிக்கை இதற்கு உதவவில்லை. ஆபத்துகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஓட்டுநரின் நேர் முன்னே, இருபுறமும் 45 பாகைக்குள்ளிருந்தே வந்தன. சைலன்சரோ பின்னோக்கி இருக்கிறது. எதிரே திரும்பும் காருக்குக் கேட்பதைவிடக் கடந்துவந்த வீடுகளுக்கே அது நன்றாகக் கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியும் பாட்டும் போட்டிருக்கும் ஓட்டுநருக்கு எந்த அளவு கேட்கும் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன். தேர்தல் பிரசார வேன், கோயில் திருவிழா, கல்யாண மண்டபம், லாரியின் ஏர் ஹாரன் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்களை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். அதோடு, பழைய ஆர்எக்ஸில் வரும் பையன் சோதனைச் சாவடியில் ஓரங்கட்டப்படும்போது, பல லட்ச ரூபாய் வெளிநாட்டு வண்டியில் அதைவிட அதிகமாக உறுமிக்கொண்டு போகிறவருக்கு வழிவிடப்படுவதையும் சுட்டுகிறார்கள். காதை நம்பிச் சோதனை செய்யும் வரை இந்தப் பாகுபாடு நீங்காது. ஆளைப் பார்த்துக் காது கேட்கும். பாகுபாட்டுக்கு மருந்து அளவீடுதான். சத்தமிடுவோர் எல்லாரையும் விட்டுவிடுவதால் அது தீர்ந்துவிடாது. திருவிழாவுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் உண்டு: அதற்கு நாள் தெரியும், முடியும் நேரம் தெரியும், அனுமதி வாங்க ஓர் அலுவலகம் இருக்கிறது.

பிற நாடுகள் எங்கே கை வைத்தன

ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சர் விற்பதற்கே தடையில்லை. ஆனால் அது சோதிக்கப்பட்டு, 'இ' என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட ஒப்புதல் முத்திரை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். ரசனைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையை வரம்புக்குள் அனுமதிக்கும் இந்த முறை எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பிரிட்டன் 1987இலேயே தனிச் சட்டம் இயற்றி, தரத்துக்கு உட்படாத மோட்டார் சைக்கிள் சைலன்சர்களை விற்பதைக் குற்றமாக்கியது. 'சாலையில் பயன்படுத்த அல்ல' என்று பொறித்து விற்கும் தந்திரம் அங்கேயும் முளைத்தது என்றாலும், பொறுப்பு விற்பவருக்கும் உண்டு என்ற கொள்கை சட்டத்தில் ஏறிவிட்டது.

பிரான்ஸ் அளவீட்டைப் பிடித்துக்கொண்டது. பாரிஸ் வட்டாரத்தின் ஒலி கண்காணிப்பு அமைப்பான ப்ரூயிபாரிஃப், நான்கு மைக்குகளைக் கொண்டு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறியும் கருவியை உருவாக்கி, ஜெல்லிமீனின் பெயரை அதற்கு வைத்தது. சத்தமிட்ட வண்டியின் எண்பலகையைப் படம்பிடித்து 135 யூரோ அபராதம் விதிக்கும் நோக்கில் ஒலி ரேடார்களின் சோதனை 2022இல் தொடங்கியது. சைலன்சர் மாற்றிய ஒரே ஒரு ஸ்கூட்டர் இரவில் பாரிஸைக் கடந்தால் 10,000 பேர் வரை விழிக்கக்கூடும் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு.

ஆஸ்திரியாவின் திரோல் மாநிலம் எடுத்த முடிவு கடுமையானது, விவாதத்துக்கும் உரியது. 2020 ஜூனில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் பதிவுள்ள மோட்டார் சைக்கிள்கள் ராய்ட்டே மாவட்டத்தின் சில மலைச்சாலைகளில் கோடைப் பருவத்தில் வரக் கூடாது என்று அது தடை போட்டது. ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும், எதையும் மாற்றாத வண்டிகளும் இதில் சிக்கின. அதே ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் மாநிலங்களவை புதிய வண்டிகளுக்கு 80 டெசிபல் வரம்பையும், ஞாயிறு, விடுமுறை நாள்களில் சில இடங்களில் தடையையும் பரிந்துரைத்தபோது, ஜூலையில் நகரம் நகரமாக ஆயிரக்கணக்கான வண்டிக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அங்கே அவர்களின் சுதந்திர வாதத்துக்கு வலு இருந்தது. சட்டப்படி வாங்கி, சட்டப்படி வைத்திருக்கும் வண்டியை ஓட்டவே கூடாது என்பதும், பஃபிளைக் கழற்றாதே என்பதும் ஒன்றல்ல.

இங்கே செய்யக் கூடியது

இந்தியாவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஆலையை விட்டு வெளியே வந்தபின் அதன் சத்தத்தை யாரும் முறையாக அளப்பதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சோதனை கிடையாது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் எடுக்கும் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கப்படுகின்றன. சைலன்சருக்குள்ளேயே கருவியின் குழாயை நுழைத்துப் பார்க்கும் அந்த ஊழியர், சைலன்சர் அசலா மாற்றா என்று எழுதுவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. அப்படி ஒரு கட்டத்தைச் சேர்ப்பதற்கும், மாற்று சைலன்சருக்கு ஒப்புதல் முத்திரையைக் கட்டாயமாக்கி அது இல்லாததை விற்கும் கடையை முதலில் பிடிப்பதற்கும் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. இன்று வண்டி ஓட்டுபவர் அபராதம் கட்டுகிறார், பஃபிளைப் பிடுங்கிக் கொடுத்த மெக்கானிக்கும் விற்ற கடைக்காரரும் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கிறார்கள். இரவு நேரத்தில் ஒரே இடத்தில் கூடி எஞ்சினை முறுக்கும் வழக்கம் இருந்தால், பொதுத்தொல்லையை அகற்ற நிர்வாகத் துறை நடுவர் உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு வழி தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு என்றால் பலருக்கு விளங்கும். கடந்து போகும் ஒற்றை வண்டிக்கு அது பயன்படாது.

ஒலி அளவையும் புகைப் பரிசோதனையோடு சேர்க்கலாமே என்ற யோசனை எளிதாகத் தோன்றினாலும், அதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. நின்ற நிலை அளவீட்டில், சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் மைக்கை வைத்து, எஞ்சினைக் குறித்த சுற்றுக்கு உயர்த்திப் பதிய வேண்டும். வண்டியைச் சுற்றி 3 மீட்டருக்குச் சுவரோ வேறு வண்டியோ இருக்கக் கூடாது. சுற்றுப்புறச் சத்தம் அளக்கும் சத்தத்தைவிடக் குறைந்தது 10 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். அண்ணா சாலை ஓரத்துப் பெட்டி போன்ற பரிசோதனை மையத்தில் இது நடக்காது. பஃபிள் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதை அங்கே வைத்துக்கொண்டு, சந்தேகத்துக்குரிய வண்டிகளை மட்டும் ஓட்டுநர் தேர்வு நடக்கும் ஆர்.டி.ஓ. அலுவலக மைதானத்துக்கு அனுப்பி மீட்டரில் அளப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த மைதானங்களில் அதற்கு இடம் இருக்கிறது. ஒரு மீட்டரும், அதைச் சரிபார்த்து வைத்திருக்கும் ஒரு பயிற்சி பெற்ற ஆளும்தான் சேர வேண்டும்.